வைக்கோல் அக்கா

அன்பும் சேறும் நிறைந்த அக்காவுக்கு,

உன் கூட்டாளி வாலு எழுதுவது. இங்கே நான் நலம். இன்னும் மாட்டிக்கொள்ளாததால் கூடுதல் நலம். உன் நலத்தை அப்புறம் விசாரிக்கிறேன், முதலில் நீ எங்கே என்று சொல்.

சாயந்திரப் படகு வந்தது. சுண்ணாம்பு மூட்டை இறங்கியது. வைக்கோல் கட்டு இறங்கியது. தச்சு வேலை செய்யும் உளியத்தை கேட்டிருந்த ஆணிப் பெட்டிகூட இறங்கிவிட்டது. நீ இறங்கவில்லை. படகுக்காரரிடம் ஜாடையாகக் கேட்டேன். "காலைல இறக்கி விட்டேன். திரும்ப ஏத்திட்டு வரச் சொல்லி என்கிட்ட யாரும் சொல்லலையே" என்று கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார். அவருடைய நகைச்சுவை உணர்ச்சி கடல் மட்டத்துக்குக் கீழே. கண்ணாடிக் கடைக்காரன் உன்னை இழுத்தடிக்கிறான் என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். நீலம் இல்லை என்று பச்சையைத் தலையில் கட்டப் பார்ப்பான், ஏமாந்துவிடாதே. அம்மாவின் வட்ட ஜன்னலுக்கு நீலம்தான்.

இனி என் வீரப் பிரதாபம். அம்மாவின் பிறந்தநாளுக்கு ரகசியமாகக் கண்ணாடி வாங்கி வர நீ காலைப் படகில் அக்கரை போவாய், சாயந்திரம் திரும்பும் வரை அம்மாவிடம் மூச்சு விடாமல் நான் சமாளிக்க வேண்டும், இதுதானே ஒப்பந்தம்? "அக்கா களிமண் குழில இருக்கா" என்று வாயால் சொன்னால் போதும் என்றாய். வாயால் சொல்ல யாராலும் முடியும். நான் கலைஞி. உன் சேற்றுக் கால்சட்டையிலும் முழுக்கைச் சட்டையிலும் வைக்கோலைத் திணித்தேன். தலைக்கு ஒரு வாளியைக் கவிழ்த்தேன். அதன்மேல் உன் ஓலைத் தொப்பி. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் களிமண் குழி ஓரமாக, மண்வெட்டிமேல் சாய்ந்து நிற்கிற மாதிரி நிறுத்திவிட்டேன். நாம் கட்டுகிற மண்வீட்டின் சுவரடியிலிருந்து பார்த்தால் அப்படியே நீ! சொல்லப்போனால் உன்னைவிட லட்சணம்.

அம்மா தார்ப்பாயில் மண் மிதித்துக்கொண்டே நெற்றிமேல் கையை வைத்துப் பார்த்தாள். கையை உயர்த்தி ஆட்டினாள். வைக்கோல் பேசாமல் நின்றது. "என்னடி இவ, காலைலேர்ந்து நட்ட கம்பம் மாதிரி நிக்கறா?" என்றாள். "யோசிக்கிறாம்மா. அக்கா யோசிச்சா அசைய மாட்டா, அசைஞ்சா யோசிக்க மாட்டா" என்றேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

அடுத்தது உளியத்தை. அவருக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் மனுஷனும் மரமும் ஒன்று. தச்சு வேலைக்கு அதுவே போதும் என்பார். பாதையில் போனவர் அங்கிருந்தே உன்னிடம் கூரைச் சட்டத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் பண்ணிவிட்டு, இங்கே வந்து "உன் அக்கா தங்கமான பொண்ணு, நடுவுல ஒரு வார்த்தை பேசலையே" என்று பாராட்டினார். நான் சிரிப்பை அடக்க வைக்கோலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அக்கா, சாயந்திரம் தாண்டிவிட்டது. என் தொழில் தர்மம் உனக்குத் தெரியும். எந்த விளையாட்டையும் அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் உடைத்துவிட வேண்டும், ஏமாந்தவரும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அது விளையாட்டு இல்லை, திருட்டு. கூரைக் கணக்குப் பேச நீ உளியத்தையின் அறையிலேயே தூங்குகிறாய் என்று அம்மாவிடம் சொல்லி இன்றைக்கு மட்டும் காலக்கெடுவை நீட்டியிருக்கிறேன். பிறந்தநாள் நாளைக்கு. நாளைச் சாயந்திரப் படகில் நீ கண்ணாடியோடு இறங்கியே ஆக வேண்டும்.

இன்னொரு சேதி. நீ கட்டிய பக்கத்துச் சுவரை டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துல இவ்வளவு உயரமா?" என்று வாயைப் பிளந்தார். நம் தீவுச் சபைத் தலைவி வாயைப் பிளந்து நான் பார்த்தது கொட்டாவிக்கு மட்டும்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அக்காவாக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

கடிதத்தைப் படகுக்காரரிடம் கொடுக்கிறேன். துறையில் எங்கேயாவது உன்னைப் பார்த்தால் கொடுப்பார்.

இப்படிக்கு, உன் பொய்களுக்கெல்லாம் கைகாலும் தொப்பியும் வைத்துக் கொடுக்கும்,
வாலு

* * *

அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. உனக்குக் காய்ச்சலா? விழுந்துவிட்டாயா? படகுக்காரரைத் தினமும் கேட்கிறேன், "நல்லாத்தான் இருக்குது" என்று மட்டும் சொல்கிறார். அப்படியென்றால் அவர் உன்னைப் பார்த்திருக்கிறார். போன கடிதத்தைக் கொடுத்தபோது எங்கே கொண்டு கொடுப்பது என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது.

பிறந்தநாளன்று சாயந்திரப் படகும் உன்னை இறக்காமல் வந்தது. அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு களிமண் குழிக்கு நடந்தாள். "நான் கொண்டு போறேம்மா" என்று பின்னாலேயே ஓடினேன். அவள் நிற்கவில்லை. அங்கே போய்த் தொப்பியைத் தூக்கினாள். வாளி. தொப்பியைத் திரும்ப வாளிமேல் வைத்து, குழியை எட்டிப் பார்த்தாள், பக்கத்துப் புதருக்குப் பின்னாலும் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "அவ எங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன். திட்டுவாள், முதுகில் இரண்டு வைப்பாள் என்று காத்திருந்தேன். "காலைல ஏதாவது சாப்பிட்டுட்டுப் போனாளா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். வைக்கோல் உருவத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நம் சுவரடியில் உட்கார வைத்துவிட்டாள். அது அங்கேயேதான் இருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் மண் குழைக்கிறேன்.

உன் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வயிறு தள்ளிவிட்டது. முதலில் பார்த்தவள் நான்தான். "அம்மா, நம்ம சுவர் மாசமா இருக்கு" என்றேன், பழக்க தோஷம். யாரும் சிரிக்கவில்லை. உளியத்தை வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கை உள்ளே போனது. "தண்ணி ஜாஸ்தி. கீழ் அடுக்கு இறுகறதுக்குள்ள மேல மேல ஏத்தியிருக்கா. எங்கயோ போற அவசரத்துல இருக்கறவ கட்டின சுவரு இது" என்றார். சொன்ன பிறகுதான் அம்மா பக்கத்தில் நிற்பதைக் கவனித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றாதே, அது இறுகட்டும், மேல்புறத்தில் குச்சியால் குத்திக் குழி போட்டு, ஈரச் சாக்கால் மூடிவிட்டுப் போய்த் தூங்கு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. ஒருநாள் நான் அவசரப்பட்டு ஏற்றிவிட்டேன் என்று அத்தனையையும் வழித்துத் தார்ப்பாயில் போட வைத்தவளும் நீ. "மண்ணை ஏமாத்த முடியாது வாலு" என்றாய். உன் பங்குச் சுவரை முடித்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தாயா? அந்த வாரம் முழுவதும் நீ விடிந்ததும் விடியாததுமாகப் போய் மண் ஏற்றியதைப் பார்த்து, அம்மாவின் பிறந்தநாளுக்குத்தான் இந்தப் பாடு என்று நான் நினைத்தேன். மண்ணை ஏமாற்ற முடியாதுதான். என்னை முடிந்திருக்கிறது.

அம்மா மண்வெட்டியை எடுத்து, தொப்பையை மேலிருந்து கீழாகத் தானே செதுக்கித் தள்ளினாள். இப்போது உன் பக்கம் என் இடுப்பளவுகூட இல்லை.

இதை எழுதும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது, வராமலே இருந்திருக்கலாம். அக்கரைக்குத் திருப்பி அனுப்பும் காலி வைக்கோல் சாக்குகளைத் துறைக்குச் சுமப்பது என் வேலை. போன மாதத்திலிருந்து கட்டிக் கொடுப்பது நீ. காலிச் சாக்கு கனக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "உள்ள ஈரம் இறங்கியிருக்கு, பேசாம தூக்கு" என்றாய். நானும் தலையில் வைத்துக்கொண்டு விசில் அடித்தபடி போனேன். நேற்று உன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் விரித்திருந்த காகிதம்தான் இருக்கிறது. உன் துணியையெல்லாம் நான்தான் படகேற்றியிருக்கிறேனா, அக்கா?

டீச்சர் கேட்க ஆரம்பித்துவிட்டார். இங்கே தனி வீட்டுக்கு மூன்று ஜோடிக் கால் வேண்டும் என்ற விதி உனக்குத் தெரியாததில்லை. மண்வீட்டை வருஷா வருஷம் மழைக்கு முன் பார்த்துப் பழுது நீக்கிச் சுண்ணாம்பு அடிக்க அத்தனை பேராவது வேண்டும் என்பார்கள். இரண்டு ஜோடிக்கு நீளக் கட்டடத்தில் ஓர் அறை, பொதுச் சமையல். கூரை ஏற்றும் நாளில் வாசற்படி மண்ணை மூன்று ஜோடி மிதிக்காவிட்டால், நாம் இத்தனை நாள் கட்டிய சுவர் வரிசையில் அடுத்து நிற்கிற குடும்பத்துக்குப் போய்விடும். நீ மணலில் குச்சியால் வட்டம் போட்டுக் காட்டினாயே, இது அம்மாவுக்கு, இது உனக்கு, இது எனக்கு என்று, அந்த வீடு.

ஒரு வரி எழுது. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை.

வாலு

* * *

உன் சீட்டும் கண்ணாடியும் வந்தன.

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன், தாள் கிழிந்துவிட்டது. அதனால் வேறு தாள். இதில் அந்த இடம் காலி.

வரைபட ஆபீஸில் வேலை, உயரமான கட்டடம், லிஃப்ட், ஜன்னலைத் திறக்கவே வேண்டாத அறை. வாழ்த்துகள். போன மழைக்கு முன்பே எழுதிப் போட்டு, போன மாதம் கூப்பிட்டுவிட்டார்கள் என்கிறாய். அப்படியென்றால் நாம் மூன்று பேரும் தார்ப்பாயில் தோளோடு தோள் பிடித்து மிதித்தபோது, நான் பாடிய கேவலமான பாட்டுக்கு நீ விழுந்து விழுந்து சிரித்தபோது, நீ போகிறவள். உன் கால் மட்டும் இங்கே மிதித்துக்கொண்டிருந்தது.

காலை வாரிவிட்டாய், அக்கா. அதுவும் உனக்காகச் சேறு மிதித்த காலை.

நீ போனதற்காக நான் கத்தவில்லை. போவது உன் இஷ்டம். குதிகால் வெடித்து நீ எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி நீ அழுததை, புகை என்று சொன்னதை, நான் நம்பிய மாதிரி நடித்திருக்கிறேன். "என்னால முடியலடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்திருப்பேன். சாக்கு எதற்கு? சாக்குப்போக்கு எதற்கு?

ஆனால் எங்களை இங்கே கூட்டிவந்தவள் யார்? தையல் கம்பெனியில் வரிசையில் முதல் மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவை, "மின்சாரமே வேண்டாம்மா, உன் கால் மிஷின் போதும், தீவே உன்கிட்டதான் துணி தைக்க வரும்" என்று பேசிப் பேசிக் கரைத்தவள் யார்? அம்மா கரைந்தாள். மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு படகேறினாள். கரைத்தவள் கரையேறிவிட்டாய்.

உன் சீட்டில் ஒரு வரி இருக்கிறது. அதை எழுதும்போது நீ யோசித்தாயா என்று தெரியவில்லை. "அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ பக்கத்தில் இருந்தால் அவளை எப்படியாவது சிரிக்க வைத்துவிடுவாய், உனக்குத்தான் எல்லாமே விளையாட்டாயிற்றே."

எனக்கு எல்லாமே விளையாட்டு. அதனால் உன் திருட்டுக்கு என் விளையாட்டை வாடகைக்கு எடுத்தாய். பிறந்தநாள் என்றாய், நீலக் கண்ணாடி என்றாய், எனக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டாய். நான் இந்தத் தீவில் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறேன். டீச்சரின் கூட்ட மணி நாக்கில் துணியைச் சுற்றியிருக்கிறேன். உளியத்தையின் செருப்பை ஜோடி மாற்றி வைத்திருக்கிறேன். யாரும் அதற்குப் பிறகு என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பியதில்லை. இப்போது நான் எதைச் சொன்னாலும் அம்மா ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். "தண்ணி கொதிக்குதும்மா" என்று சொன்னால்கூட எழுந்து போய்ப் பார்க்கிறாள். என்னிடம் இருந்தது அந்த ஒரு சாமான்தான், அதையும் நீ சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அம்மாவுக்குச் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தாய். காட்டினேன், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு. உனக்காக இல்லை.

"பெரிய வேலைதான்" என்றாள். கண்ணாடியைக் கையில் எடுத்து, வெயிலில் பிடித்து, தன் கைமேல் நீலம் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அதைப் பிடுங்கிக் கடலில் எறியப் போனேன். விடவில்லை. தையல் மிஷினுக்கு அடியில், துணிக்குள் சுற்றி வைத்திருக்கிறாள்.

நாளைக் கூட்டத்தில் டீச்சர் கேட்பார். மூன்றாவது ஜோடி எங்கே என்று. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று உன் சீட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பூசி மெழுகித்தான் எழுதியிருப்பாய்.

பெயர் போடவில்லை. யார் எழுதியது என்று தெரியாவிட்டால் தெரியாமலே போகட்டும்.

* * *

அக்கா,

வாலுதான். கோபம் குறையவில்லை, கொஞ்சம் இறுகியிருக்கிறது. அடுத்த அடுக்கு ஏற்றலாம் போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. கூட்டத்துக்கு நான் வைக்கோல் உருவத்தையும் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது ஜோடி எங்கே என்று டீச்சர் கேட்டதும் அதன் இரண்டு காலையும் பிடித்து ஆட்டிக் காட்டலாம், எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கிற சபை வீட்டைப் பிடுங்காது என்று என் கணக்கு. டீச்சர் கேட்டார். நான் எழுந்தேன். ஆட்டினேன். ஒருத்தர் மட்டும் சிரித்துவிட்டு, பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் என்னைக் கேட்டார். "விளையாட்டு போதும்மா. உங்க அக்கா வருவாளா, மாட்டாளா?" நான் நினைத்திருந்தால் அழகாகப் பொய் சொல்லியிருப்பேன். அடுத்த படகு, கொஞ்சம் உடம்பு சரியில்லை, கண்ணாடிக் கடை... வாய்க்குள் வரிசையாக நின்றன. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். "வரமாட்டா டீச்சர். அவ வேலைக்குப் போயிட்டா. நல்ல வேலை. நாங்க ரெண்டு ஜோடிதான். சுவரை யாருக்குக் குடுக்கணுமோ குடுத்துடுங்க, தெற்குப் பக்கம் மட்டும் இன்னும் ஏத்தணும், அதை நாங்களே முடிச்சுக் குடுத்துடறோம்" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து, என் மடியில் இருந்த உருவத்தின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அது கழன்றிருந்தது.

அப்போது பின் வரிசையிலிருந்து உளியத்தை தொண்டையைக் கனைத்தார். "நீளக் கட்டடத்துல எனக்குத் தூக்கமே வரதில்ல. எல்லாரும் கொறட்டை விடறாங்க" என்றார். அந்தக் கட்டடமே அதிர்கிற குறட்டை யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். "எனக்கும் ரெண்டு கால் இருக்கு. கொஞ்சம் வளைஞ்சிருக்கும், ஆனா மிதிக்கும். இந்தப் பொண்ணு என் செருப்பைத் தொடக்கூடாது, அது ஒண்ணுதான் நிபந்தனை" என்றார். டீச்சர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் செருப்பை யோசித்தேன், வீட்டை யோசித்தேன். தலையாட்டினேன்.

ஆக, வீடு தப்பித்தது. கூரை ஏற்றும் நாளில் வாசற்படியை அம்மா, நான், உளியத்தை மூன்று பேரும் மிதிப்போம். உன் அறைக்கு அவர் உளிப்பெட்டியோடு வருகிறார். கூரைச் சட்டத்தை அவரே இழைக்கிறார், நம் வீட்டுக்கு என்பதால் வழக்கத்தைவிட அதிகமாக முணுமுணுத்துக்கொண்டு இழைக்கிறார். தப்பாதது உன் இடம் மட்டும்தான். நீ விட்டுப் போன இடம்தானே, உனக்கு வலிக்காது. எனக்குத்தான் வேலைக்கு நடுவில் வந்து வந்து குத்துகிறது.

உன் பங்கான தெற்குச் சுவரை மறுபடி ஏற்றினோம். வைக்கோல் குறைந்துவிட்டது, காற்று பலமாக இருந்ததால் படகும் வரவில்லை. வைக்கோல் இல்லாத மண் காய்ந்ததும் வெடித்துப் பிளக்கும் என்று நீதான் சொல்வாய். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு சுவரடியில் உட்கார்ந்திருந்த உன்னைத் தூக்கிவந்து மடியில் போட்டுக்கொண்டு, பொத்தானைக் கழற்றி, கைப்பிடி கைப்பிடியாக வைக்கோலை வெளியே எடுக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கால்சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் சொன்னாள், குனிந்தபடியே. "அன்னிக்குக் கை காட்டினப்பவே எனக்குத் தெரியும்டி. அவ எந்தக் காலத்துல சேர்ந்தாப்புல ரெண்டு நிமிஷம் சும்மா நின்னிருக்கா? உன் வேலைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து என்னமோ பண்றீங்க, சாயந்திரம் வந்து 'ஏமாந்துட்டியா'ன்னு கேப்பீங்க, அப்ப சிரிக்கலாம்னு ஒரு சிரிப்பை எடுத்து வச்சிருந்தேன்."

மறுநாள் தட்டோடு போனதும் அதற்குத்தானாம். நீ குழிக்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்தாளாம். புதருக்குப் பின்னால் அவள் பார்த்தது அதனால்தான்.

வைக்கோலை நறுக்கித் தார்ப்பாயில் தூவினோம். மிதித்தோம். முதல் மிதியை நான் ஓங்கித்தான் மிதித்தேன், மறைக்கவில்லை. அம்மா மெதுவாக மிதித்தாள். உளியத்தை வழுக்கி என்மேல் விழுந்தார், இருவரும் சேற்றில் உருண்டோம், அம்மா கை கொடுத்துத் தூக்கினாள். பிறகு உருண்டை பிடித்துச் சுவரில் ஏற்றினோம். முழங்கால் உயரம், அதற்குமேல் இல்லை. நீ இப்போது தெற்குச் சுவரில் இருக்கிறாய். உன் சட்டையை அம்மா துவைத்து மடித்துவிட்டாள். கால்சட்டை எனக்குச் சரியாக இருக்கிறது.

வட்ட ஜன்னலுக்கு ஓட்டை விட்டிருக்கிறோம். கண்ணாடியை மண் ஈரமாக இருக்கும்போதே பதிக்க வேண்டும், காய்ந்த பிறகு பதித்தால் பிடிப்பு இருக்காது. "வச்சுடலாம்டி" என்று அம்மா சொன்னாள். நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். ஓட்டையைச் சுற்றி ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருக்கிறேன். காலையில் ஒரு குடம், மத்தியானம் ஒரு குடம் தண்ணீர் தெளிக்கிறேன். "சுவர் முழுக்க இறுகிப்போச்சு, அந்த ஒரு இடம் மட்டும் ஏன் இன்னும் சொதசொதன்னு இருக்கு?" என்று உளியத்தை கேட்டார். தெரியலையே அத்தை, நிழல் விழுகிறது போல என்றேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுப் போய்விட்டார்.

கூரை ஏறும் வரைதான் இப்படித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க முடியும். அதற்குப் பிறகு சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

உன்னைத் திரும்பி வந்து இங்கேயே இரு என்று நான் கேட்கவில்லை. உன் அறைக்கு ஆள் வந்தாயிற்று, குறட்டையோடு. உன் உயரமான கட்டடம் இன்னும் உயரட்டும், லிஃப்ட் நடுவில் நிற்காமல் ஓடட்டும், உன் குதிகால் ஆறட்டும். இது நிஜமாகச் சொல்கிறேன், பின்னால் எந்த விளையாட்டும் இல்லை.

ஆனால் நீ ஆரம்பித்த விளையாட்டை இன்னும் உடைக்கவில்லை, அக்கா. அதை என்னால் உடைக்க முடியாது, ஆரம்பித்தவர்தான் உடைக்க வேண்டும், அதுதான் விதி. சாயந்திரப் படகில் வந்துவிட்டு மறுநாள் காலைப் படகிலேயே போய்விடு. அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று "ஏமாந்துட்டியா" என்று ஒரு தடவை கேள். அவள் எடுத்து வைத்த சிரிப்பு அவளிடம் அப்படியேதான் இருக்கிறது. நான் பார்த்தேன்.

குடத்தை நிரப்பப் போகிறேன். வெயில் ஏறிவிட்டது, சாக்கு காய்ந்துகொண்டிருக்கும்.

உன்,
வாலு